செல்லை யார் பிரியச் சொல்கிறார்கள்?

குடுமியான்மலை வேளாண்மைக் கல்லூரியைச் சுற்றி விதைக்கப்படும் நிலக்கடலை காய்ந்து கிடக்கும்போது, அதன் கருச்செல்கள் பெரும்பாலும் டி.என்.ஏ.வை இரட்டிப்பதற்கு முன்பே நின்றிருக்கின்றன. ஈரம் பட்டபின் பிரிவு தொடங்குகிறது. அப்படியானால் நீரும் உணவும் கிடைத்தாலே செல் பிரிந்துவிடுமா? 1970களில் எடின்பரோவில் ஆய்வாளர் பால் நர்ஸ் கண்ட ஈஸ்ட் செல்கள் இல்லை என்கின்றன. உணவு மாறவில்லை; ஒரே ஒரு மரபணு பழுதானதால் அவை வழக்கமான அளவில் ஏறத்தாழப் பாதியை எட்டியதுமே பிரிந்தன. அவசரப்படாமல் பிடித்து வைத்திருந்த புரதம் செயலிழந்ததே காரணம். முடுக்கிவிடும் புரதம் வேறு, அதன் பெயர் சிடிசி2. அதுவும் தனித்து இயங்காது. 1982இல் ஆய்வாளர் டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டைகளில் கண்ட சைக்ளின் என்ற புரதம் அதோடு சேர வேண்டும். ஒவ்வொரு பிரிவின்போதும் சைக்ளின் அழிந்து, மறுபடி சேர்கிறது.

ஆப்பிரிக்கச் சிறுதானிய மதுவில் கிடைத்த இந்த ஈஸ்டை வைத்துக் கடலைச்செடியைப் பற்றிப் பேசலாமா என்பது நியாயமான கேள்விதான். 1987இல் மெலனி லீயும் நர்ஸும் சிடிசி2 பழுதான ஈஸ்டில் அதற்கு ஈடான மனித மரபணுவைச் செலுத்தினார்கள், ஈஸ்ட் பிரிந்தது! நூறு கோடி ஆண்டுக்கு முன் பிரிந்த உறவுகளிடையே உதிரிப்பாகம் பொருந்தியது என்றால் அது தற்செயல் அல்ல. தாவரங்களிலும் அதே குடும்பப் புரதங்கள் உண்டு. ஆனால் எந்தச் செல் எப்போது பிரிய வேண்டும் என்பதில் ஆக்சின், சைட்டோகைனின் போன்ற தாவர ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை ஈஸ்டிலிருந்து கற்க முடியாது. பிரிவு கட்டுமீறும்போதும் வேறுபாடு உண்டு: தாவரச் செல்கள் சுவரால் ஒட்டியிருப்பதால், பாக்டீரியா கிளப்பும் கட்டிகூட மனிதப் புற்றுநோய்போல் ஊர்ந்து பரவுவதில்லை.