கன்னத்தில் மின்னல் வலி... ஆபரேஷனுக்குப் பிறகு உணர்ச்சி இருக்குமா?

படூர் பக்கம் பழைய மாமல்லபுரம் சாலையில் டூவீலரில் போனால் எதிர்க்காற்று சுகம். ஆனால் 'டிரைஜெமினல் நியூரால்ஜியா' வந்தவருக்கோ அந்தக் காற்று பட்டாலே கன்னத்தில் ஷாக் அடிக்கும். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள்கூட உண்டு! நடிகர் சல்மான்கான் 2011-ல் அமெரிக்கா போய் ஆபரேஷன் செய்துகொண்டது இதற்காகத்தான்.

முகத்தின் தொடுஉணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாவது நரம்பு. நெற்றி, கன்னம், தாடை என்று மூன்று கிளை. (முகத்தை அசைப்பது ஏழாவது நரம்பு. அது வேறு சமாசாரம்.) மூளைத்தண்டு அருகே ரத்தக்குழாய் ஒன்று இதை அழுத்திக்கொண்டே இருந்தால் நரம்பின் மேலுறை தேய்ந்து, லேசாகத் தொட்டாலும் வலி என்று தப்பாய்ச் செய்தி போகும்.

மாத்திரை கேட்காவிட்டால்தான் கத்தி. குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் துண்டு வைத்தால், பெரும்பாலும் உணர்ச்சி அப்படியே இருக்கும். ஊசி வழியே நரம்பைச் சுட்டால் வலி போகும். கூடவே கொஞ்சம் மரத்தும் போகும். முகத்தில் வெட்டுப்பட்ட நரம்பு என்றால், நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அப்போது எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும், பயப்படாதீர்கள்.

மரத்த வாய்க்குக் காபியை ஆற்றிக் குடியுங்கள். கருவிழி மரத்திருந்தால் தூசி விழுந்தாலும் தெரியாது. வலிக்கலையே என்று இருந்துவிடாமல், கண் சிவந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.