நிணநீர்ப் புற்றுநோயில் குருத்தணுத் திரட்டல்: காவிரிப் படுகை நோயாளரை முன்வைத்து

நிணநீர்ப் புற்றுநோய் முதற்கட்டச் சிகிச்சைக்குப் பின் மீளும்போது, மருந்துக்கு இணங்கும் நோயாளரிடம் தன்வழிக் குருத்தணு மாற்று பயன்தரும் என்பதை 1995இல் வெளிவந்த பார்மா ஆய்வு நிறுவியது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு மாற்று பெற்ற பிரிவில் 53 விழுக்காடு. மற்றதில் 32 விழுக்காடு. ஆயினும் நோயாளரின் குருதியிலிருந்து போதிய குருத்தணுக்கள் திரளாவிடில் மாற்றுக்கே இடமில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 இலட்சம் சிடி34 அணுக்கள் குறைந்த அளவு. 50 இலட்சம் விரும்பத்தக்கது. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 12 கோடி அணுக்கள் வேண்டும்.

குருத்தணுக்கள் இயல்பில் எலும்பு மஜ்ஜையில் தங்குபவை. அங்குச் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்னும் புரதத்தை அவற்றின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி பற்றிக்கொள்வதே அவற்றை நிறுத்திவைக்கும் முதன்மையான பிடி. ஜி-சிஎஸ்எஃப் ஊசியை நான்கைந்து நாட்கள் செலுத்தினால் இப்பிடி தளர்ந்து அணுக்கள் குருதிக்கு வருகின்றன. அஃபெரிசிஸ் கருவி அவற்றைப் பிரித்தெடுத்து எஞ்சிய குருதியை உடலுக்கே திருப்புகிறது. பலமுறை வேதிமருந்து ஏற்றவர், கதிர்வீச்சுப் பெற்றவர், முதியவர் ஆகியோரிடம் இவ்வூசி மட்டும் போதாமற் போவதுண்டு.

எச்ஐவி மருந்தாக முதலில் ஆராயப்பட்ட பிளெரிக்ஸாஃபோர் அந்த ஏற்பியையே அடைக்கிறது. 2008 டிசம்பரில் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. 298 நோயாளரைக் கொண்ட ஆய்வில், நான்கு நாள் சேகரிப்புக்குள் 50 இலட்சம் என்னும் இலக்கை எட்டியோர் இம்மருந்துடன் 59 விழுக்காடு, ஜி-சிஎஸ்எஃப் மட்டும் பெற்றோரில் 20 விழுக்காடு. விலை மிகுதியாதலால் அனைவர்க்கும் இதனை அளித்தல் எளிதன்று. நான்காம் நாள் குருதியில் சிடி34 எண்ணிக்கை ஒரு மைக்ரோ லிட்டருக்கு 10க்குக் கீழிருப்பின், சேகரிப்புக்குச் சுமார் 11 மணி நேரம் முன்னர் இதனைச் செலுத்துவதே தக்க முறை. சேகரிப்புத் தோற்றபின் செலுத்துவது காலங்கடந்த சிக்கனம்.

தஞ்சை, கும்பகோணம் வட்டார உழவருக்கு இவ்வேறுபாடு பெரிது. மாற்றுச் சிகிச்சை நாடுவோர் தொலைவிலுள்ள சென்னைக்கோ, 1986இலேயே மஜ்ஜை மாற்றுத் தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கோ செல்ல நேர்கிறது. சம்பா நடவுக் காலத்தில் துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு விடுதியில் தங்குபவர்க்கு, தோற்ற சேகரிப்பு இன்னொரு பயணமாகவும் இன்னொரு கடனாகவும் முடிகிறது. எனவே நோய் மீண்டது உறுதியான உடனேயே, இரண்டாம் கட்ட வேதிமருந்துச் சுற்றுகள் பெருகி மஜ்ஜை நலியும் முன்னரே, உள்ளூர் மருத்துவர் மாற்று மையத்துக்கு எழுதி, சேகரிப்பு நாளை அச்சுற்றுகளோடு பொருத்திக் குறித்தல் வேண்டும்.