செல்ல எலியும் நல்லுணவும்

எலி என்றதும் எலிப்பொறியும் நஞ்சும் பலரின் நினைவுக்கு வரும். ஆயினும், பல நாடுகளில் எலி செல்லப்பிராணியாகவும் வளர்க்கப்படுகிறது. இவை சாக்கடையில் பிடிக்கப்பட்டவை அல்ல. பழுப்பு எலி இனத்தில் தோன்றி, பல தலைமுறைகளாக மனிதரோடு வாழப் பழகியவை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எலி வளர்ப்பு ஒரு பொழுதுபோக்காக உருவானது. செல்ல எலி பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகளே உயிர்வாழும். அந்தக் குறுகிய வாழ்நாள் நலமாக அமைவதில் உணவுக்குப் பெரும்பங்கு உண்டு.

எலி எதையும் தின்னும் என்பதால் எதையும் கொடுக்கலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. மனிதர் கெட்டுப்போன உணவை உண்டால் உடல் அதனை வாந்தியாக வெளியேற்ற முயலும். எலியால் வாந்தி எடுக்க இயலாது. அதனால்தான் வெளியில் திரியும் எலி, புதிய உணவை முதலில் சிறிதளவே கடித்துப் பார்க்கும். உடல்நலம் குன்றினால் அதனை மீண்டும் தொடாது. கூண்டில் வாழும் எலியோ, தனக்குத் தரப்படுவதையே உண்ண வேண்டியுள்ளது. ஆகவே, எலிக்கு இருக்கும் எச்சரிக்கை அதனை வளர்ப்பவருக்கும் வேண்டும்.

எலிகளுக்கென்றே தயாரிக்கப்படும் உணவு வில்லைகளே அவற்றின் முதன்மை உணவாக இருக்கவேண்டும். விதைகளும் தானியங்களும் கலந்த உணவைக் கொடுத்தால், எலி தனக்குப் பிடித்த சூரியகாந்தி விதைகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றவற்றை ஒதுக்கிவிடும். வில்லையில் எல்லாச் சத்துகளும் ஒன்றாகக் கலந்திருப்பதால் அவ்வாறு ஒதுக்க முடியாது. வளர்ந்த எலிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் உணவு போதும். தூய குடிநீர் எப்போதும் இருக்கவேண்டும்.

வில்லையோடு, நன்கு கழுவிய சவிக் கீரை, வெள்ளரி, கேரட் ஆகியவற்றைச் சிறிதளவு கொடுக்கலாம். பப்பாளி, ஆப்பிள் போன்ற பழங்களில் ஒரு சிறு துண்டும் எப்போதாவது சிறிது அவித்த முட்டையும் நல்லவை. மிஞ்சியதைச் சில மணி நேரத்திற்குள் அகற்றிவிட வேண்டும்.

சில உணவுகளை அறவே தவிர்க்க வேண்டும். வேகாத சிவப்பு அவரையிலும் பச்சை நிறமடைந்த உருளைக்கிழங்கிலும் நச்சுப்பொருள்கள் உள்ளன. ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமொனீன் என்னும் பொருள் ஆண் எலியின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த சூழலில் நிலக்கடலை எளிதில் பூஞ்சை பிடிக்கும். அதில் உருவாகும் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு, எலியின் கல்லீரலில் புற்றுநோயை ஏற்படுத்த வல்லது. ஆதலால், உணவை இறுக மூடிய கொள்கலனில், உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும்.

அன்பின் மிகுதியால் கொடுக்கும் தின்பண்டமும் தீங்காக முடியலாம். 40 கிலோகிராம் எடையுள்ள மாணவர், 400 கிராம் எடையுள்ள எலியைவிட நூறு மடங்கு கனமானவர். எடையை மட்டும் கொண்டு பார்த்தால், எலி ஒரு பிஸ்கட்டைத் தின்பது அம்மாணவர் நூறு பிஸ்கட்டுகளைத் தின்பதற்கு ஒப்பாகும். இவ்வாறு தொடர்ந்தால் எலியின் உடல் பருத்து, நோய்கள் எளிதில் தாக்கும். தின்பண்டத்திற்குப் பதிலாக, வில்லைகளைக் காகிதத்தில் சுற்றியோ சிறு பெட்டியில் மறைத்தோ வைக்கலாம். எலி அவற்றைத் தேடித் தின்னும்போது அதற்கு உடற்பயிற்சியும் மகிழ்ச்சியும் கிடைக்கும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், கடினமான வில்லையைக் கொறிப்பது பற்கள் தேயவும் உதவும்.

உணவளித்த பின் வளர்ப்பவர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். எலி வழக்கம்போல் உண்கிறதா என்றும் கவனிக்கவேண்டும். அது உணவை ஒதுக்கினாலோ உடல் மெலிந்தாலோ காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரை நாடவேண்டும். வாய்விட்டுச் சொல்ல இயலாத உயிரின் தேவையைக் குறிப்பால் அறிந்து செயல்படுவதே உண்மையான அன்பு.