காப்பியரா, பிரிண்டரா? இறக்குமதியாகும் அலுவலகச் சாதனங்களுக்குச் சுங்க வரி: சந்தேகங்களும் விளக்கங்களும்

ராஜாஜி சாலையில் சுங்க மாளிகை, ராயபுரத்தில் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்கள், திருவொற்றியூர் தொடங்கி எண்ணூர் வரை கன்டெய்னர் யார்டுகள், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம். இந்தக் கரையில் வந்து இறங்கும் சரக்கில் பிரிண்டர், காப்பியர், கணினி போன்ற அலுவலகச் சாதனங்களும் உண்டு. பெரிய நிறுவனங்களில் வரி விவகாரத்தைக் கவனிக்கத் தனிப் பிரிவே இருக்கும். வருடத்துக்கு ஓரிரு கன்டெய்னர் எடுக்கும் சிறு வணிகர்தான் சரக்கை வகைப்படுத்தும் எட்டு இலக்க எண் ஒன்றில் சறுக்கி, யார்டு வாடகையும் வட்டியும் கட்டித் தவிக்கிறார். இத்தகையவர்களுக்கு எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

சப்ளையர் இன்வாய்ஸில் எச்.எஸ். எண் போட்டே அனுப்புகிறார். அதையே பில் ஆஃப் என்ட்ரியில் போட்டால் என்ன?

அப்படியே போடக் கூடாது, சரிபார்த்த பிறகே போட வேண்டும். உலக சுங்க அமைப்பு வகுத்த முதல் 6 இலக்கம்தான் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின் வருபவை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் மொத்தம் 8 இலக்கம். 2011 முதல் நம் சுங்கச் சட்டத்தில் சுயமதிப்பீட்டு முறைதான். சரியான எண்ணைத் தேர்வதும் வரியைக் கணக்கிடுவதும் இறக்குமதியாளரின் பொறுப்பு. சப்ளையர் சொன்னார், புரோக்கர் போட்டார் என்பதெல்லாம் பிறகு எடுபடாது.

பிரிண்ட், ஸ்கேன், காப்பி, ஃபேக்ஸ் எல்லாம் ஒரே மெஷினில் இருந்தால் அது எந்த வகை?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய அட்டவணையில் காப்பியருக்கு 9009, கணினியோடு இணையும் பிரிண்டருக்கு 8471 என்று தனித்தனித் தலைப்புகள். ஜெராக்ஸ் இந்தியா நிறுவனம் கொண்டுவந்த பல்செயல் மெஷின்களை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பதே வழக்கு. அவற்றின் பாகங்களில் பெரும்பாலானவை அச்சிடும் வேலைக்கானவை, எனவே முதன்மையான வேலை அச்சிடுவதே என்று பார்த்து, 8471-இல்தான் சேரும் என்று 2010-இல் தீர்ப்பானது. பல வேலை செய்யும் மெஷினை அதன் முதன்மையான வேலையை வைத்தே வகைப்படுத்த வேண்டும் என்ற விதி அட்டவணையின் 16-ஆம் பிரிவுக் குறிப்புகளிலேயே இருக்கிறது.

இதற்கிடையே 2007-இல் உலக அட்டவணை திருத்தப்பட்டு, இரண்டு வகையும் 8443 என்ற ஒரே தலைப்புக்குள் வந்துவிட்டன. இப்போது பார்க்க வேண்டியது இவ்வளவுதான். அச்சு, நகல், ஃபேக்ஸ் ஆகியவற்றில் இரண்டு வேலையாவது செய்து, கணினியோடு அல்லது நெட்வொர்க்கோடு இணைய முடிந்தால் 8443 31. இணைய முடியும், ஆனால் அச்சு மட்டும் என்றால் 8443 32. இணையவே முடியாத தனிக் காப்பியர் 8443 39. மெஷினின் பின்பக்கம் யு.எஸ்.பி. அல்லது நெட்வொர்க் போர்ட் இருக்கிறதா என்பதே பல சமயம் எண்ணை முடிவு செய்துவிடும். ஆகவே கேட்டலாக்கில் இணைப்பு வசதி பற்றிய பகுதியை முதலில் பாருங்கள்.

எண் மாறினால் உண்மையில் எவ்வளவு பணம் கூடும்?

ஒரு கணக்கு. சரக்கின் மதிப்பு 10 லட்சம் ரூபாய். ஓர் எண்ணுக்கு அடிப்படைச் சுங்க வரியே இல்லை, இன்னோர் எண்ணுக்கு 10% என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 18% ஐ.ஜி.எஸ்.டி. மட்டும்: 1,80,000 ரூபாய். இரண்டாவதில் அடிப்படை வரி 1,00,000, அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10,000, இவையும் சேர்ந்த தொகைக்கு ஐ.ஜி.எஸ்.டி. 1,99,800, ஆக 3,09,800. ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். மற்ற 1,10,000 ரூபாய் கைக்காசு. தவறான எண் பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் 15% வட்டியும் சேரும். உண்மையை மறைத்ததாகக் கருதினால், 5 ஆண்டு வரை பின்னோக்கிப் போய் நோட்டீஸ் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

எண் சரியில்லை என்று அதிகாரி சொன்னால் அதுவே முடிவா?

இல்லை. எச்.பி., லெனோவா நிறுவனங்களின் ஆல்-இன்-ஒன் கணினிகள் விஷயத்தில் இதுதான் நடந்தது. எடை 10 கிலோவுக்குள் இருப்பதால் அவை எடுத்துச் செல்லும் கணினி வகை என்றது சுங்கத் துறை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எடை குறைவு மட்டும் போதாது. அன்றாடம் தூக்கிச் செல்ல ஏற்றதாகவும், எந்நேரமும் மின் இணைப்பை நம்பி இராததாகவும் இருக்க வேண்டும் என்றது. வகைப்பாட்டுக்கு விக்கிப்பீடியாவை ஆதாரமாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை என்றும் சொன்னது. வேறு எண்தான் பொருந்தும் என்று துறை சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியதும் துறையே.

சரக்கு எண்ணூர் பக்கம் நிற்கிறது, கேள்வி கேட்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கிறாரே?

வேறு ஊர் அதிகாரி கணினி வழியே மதிப்பிடும் இந்த முகமறியா மதிப்பீட்டு முறை 2020 ஜூன் 8-இல் சென்னையிலும் பெங்களூரிலும்தான் முதலில் வந்தது; அதுவும் மின்னணு, இயந்திரச் சரக்குகள் அடங்கிய 84, 85-ஆம் அத்தியாயங்களுக்கு. அந்த அதிகாரி உங்கள் மெஷினைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார். ‘ஆபீஸ் மெஷின்’ என்று மொட்டையாக எழுதினால் கேள்வி வரும், நாள் போகும். மாடல் எண், செய்யும் வேலைகள், இணைப்பு வசதி எல்லாவற்றையும் எழுதிக் கேட்டலாக்கையும் ஏற்றிவிடுங்கள்.

பழைய காப்பியர் இறக்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. 2019 ஜனவரியில் அதுல் ஆட்டோமேஷன்ஸ் வழக்கில், பழைய பல்செயல் மெஷின்கள் தடை செய்யப்பட்டவை அல்ல, கட்டுப்படுத்தப்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் கூறி, அபராதத்தின் பேரில் விடுவிக்க வழிவிட்டது. அதை நிரந்தர அனுமதியாக எடுத்துக்கொள்வது ஆபத்து. அதே ஆண்டு மே மாதம் இறக்குமதிக் கொள்கை மேலும் இறுக்கப்பட்டது.

வரியைக் கூடுதலாகக் கட்டிவிட்டால்?

ரீஃபண்ட் மனு மட்டும் போதாது. சுயமதிப்பீடும் ஓர் உத்தரவுதான், அதை முதலில் மாற்ற வேண்டும் என்று ஐ.டி.சி. வழக்கில் 2019 செப்டம்பரில் தீர்ப்பானது. மேல்முறையீட்டின் வழியே மாற்றுவதென்றால் அதற்கு 60 நாள்தான். தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. முன் தீர்ப்பு ஆணையத்திடம் 10,000 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால், 3 மாதத்துக்குள் எது சரியான எண் என்று சொல்ல வேண்டும். அது விண்ணப்பித்தவரையும் துறையையும் கட்டுப்படுத்தும். சரக்கு வந்த பிறகு ஓடுவதைவிட, ஆர்டர் கொடுக்கும் முன்பே விண்ணப்பியுங்கள். இந்த ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் மட்டுமே செயல்படுகிறது. சென்னைக்கும் ஒன்று வேண்டும். மத்திய அரசு இதைத் தள்ளிப்போடக் கூடாது.