மெத்தனாலை எங்கே பிரிப்பது?

பஸ் போர்டில் 'ரிஷிவந்தியம்' என்று பார்த்தால் நம்ம ஊர்க்காரர் யாரும் தடுமாறுவதில்லை. ரிஷி + வந்தியம். ரிஷிகள் வந்தித்த, அதாவது வணங்கிய ஊர் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். ஆனால் 'எலெக்ட்ரோஎன்செஃபலோகிராஃப்' என்றதும் முழிக்கிறோம். இதையும் அப்படியே பிரிச்சுப் பாருங்க. எலெக்ட்ரோ மின்சாரம், என் உள்ளே, செஃபலோ தலை, கிராஃப் எழுதுவது. தலைக்குள் இருக்கும் மூளையின் மின் அலைகளை வரைந்து காட்டும் கருவி. பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம்தான், மொழி மட்டும் கிரேக்கம்.

தப்பான இடத்தில் வெட்டினால் கதை மாறிடும். ஹெலிகாப்டரை ஹெலி + காப்டர் என்றுதான் எல்லோரும் பிரிப்போம். உண்மையில் அது ஹெலிகோ (சுருள்) + ப்டெரான் (இறக்கை). இந்த மாதிரி கிரேக்க 'ப்' சொல்லின் முதலில் வந்தால் ஆங்கிலத்தில் ஒலிக்காது. அதனால் வைவாவில் 'ப்நியூமேட்டிக்' வேண்டாம், நியூமேட்டிக் போதும். 'சிஎச்' வந்தால் பெரும்பாலும் 'க்' ஒலிதான்: குரோமியம், குளோரின். '-லஜி' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையை அழுத்துங்க: டெக்'னா'லஜி.

நம்ம மாவட்டம் மறக்க முடியாத சொல் ஒன்று உண்டு: மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தப் பெயரின் மூலம் 'மெத்திலீன்'. 1834இல் டூமா, பெலிகோ என்ற பிரெஞ்சு வேதியியலர்கள் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் 'மெத்து' என்றால் மது, 'ஹூலே' என்றால் மரம். மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி வடித்த சாராயம் என்பதால் அந்தப் பெயர். அந்த 'மெத்து'வும் வடமொழி வழியாக நமக்கு வந்த 'மது'வும் ஒரே வேரில் பிறந்தவை!

வேர்ச்சொல் இவ்வளவுதான் சொல்லும். பெயரில் மது இருந்தாலும் பொருள் விஷம். ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும். இன்றைய வேதியியலில் 'மெத்' என்றால் ஒரு கார்பன், 'எத்' என்றால் இரண்டு. கடைசி 'ஆல்' ஆல்கஹாலைக் குறிக்கும். வாசனையிலும் நிறத்திலும் மெத்தனாலையும் எத்தனாலையும் பிரித்தறிவது கஷ்டம். லேபில் பாட்டிலைக் கையில் எடுக்கும் முன் முதல் எழுத்து 'எம்'மா 'இ'யா என்று பாருங்க.