தொடக்ககால அமெரிக்கப் பொன் நாணயங்களும் ஏலச் சேகரிப்பும்

தொடக்ககால அமெரிக்கப் பொன் நாணயங்கள் என்பவை, 1795 முதல் 1834 வரை ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் பழைய எடை அளவின்படி அச்சிடப்பட்ட பொற்காசுகள் ஆகும். இவை பத்து டாலர் மதிப்புள்ள ஈகிள், ஐந்து டாலர் மதிப்புள்ள அரை ஈகிள், இரண்டரை டாலர் மதிப்புள்ள கால் ஈகிள் என மூன்று வகைப்படும். ஈகிள் என்பதற்குக் கழுகு என்பது பொருள். நாணயத்தின் பின்பக்கத்தில் கழுகின் உருவம் பொறிக்கப்பட்டிருக்கும்.

இந்த நாணயங்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. தப்பிய சிலவே இன்று அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ளன. தனியாரிடம் உள்ளவை பெரும்பாலும் பொது ஏலங்களின் வழியே கைமாறுகின்றன. ஏலத்தில் இவற்றுக்குக் கிடைக்கும் விலைக்கும் இவற்றில் உள்ள பொன்னின் விலைக்கும் தொடர்பு மிகக் குறைவு. எத்தனை நாணயங்கள் அச்சிடப்பட்டன என்பதைவிட எத்தனை எஞ்சியுள்ளன, எந்த நிலையில் எஞ்சியுள்ளன என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன.

சட்டமும் தொடக்கமும்

1792 ஏப்ரல் 2 அன்று நிறைவேறிய நாணயச் சட்டம் அமெரிக்க நாணயச்சாலையை நிறுவியது. பொன், வெள்ளி, செம்பு ஆகிய மூன்று உலோகங்களிலும் நாணயம் அச்சிட இச்சட்டம் வழிவகுத்தது. ஆனால் பொன், வெள்ளி நாணயங்கள் உடனே வெளிவரவில்லை. தலைமை நாணயம் அச்சிடுவோரும் உலோகத் தரம் சோதிப்பவரும் தலா 10,000 டாலர் பிணைத்தொகை தர வேண்டும் எனச் சட்டம் கூறியது. அக்காலத்தில் இது பெருந்தொகை. 1794இல் காங்கிரசு இத்தொகையைக் குறைத்த பின்னரே பணி தொடர முடிந்தது. அதே ஆண்டில் வெள்ளி நாணயங்கள் வெளிவந்தன. 1795 சூலை 31 அன்று 744 அரை ஈகிள் நாணயங்கள் ஒப்படைக்கப்பட்டன. இவையே அமெரிக்க நாணயச்சாலையின் முதல் பொன் நாணயங்கள். அவ்வாண்டிலேயே ஈகிளும் அடுத்த ஆண்டில் கால் ஈகிளும் வந்தன.

பொன் வைத்திருந்த எவரும் அதை நாணயச்சாலைக்குக் கொண்டுவந்து நாணயமாக மாற்றிக்கொள்ளலாம். காத்திருந்து பெறுவோரிடம் கட்டணம் வாங்கப்படவில்லை. உடனே மாற்றிக்கொள்ள விரும்பியவர்களிடம் அரை விழுக்காடு பிடித்துக்கொள்ளப்பட்டது. எனவே ஓர் ஆண்டில் எத்தனை பொன் நாணயங்கள் அச்சிடப்பட்டன என்பது, வங்கிகளும் வணிகர்களும் கொண்டுவந்த பொன்னின் அளவைப் பெரிதும் சார்ந்திருந்தது.

வகைகளும் வடிவமைப்பும்

1792ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாணயங்களின் எடை பின்வருமாறு அமைந்தது.

ஈகிள்: 17.50 கிராம்
அரை ஈகிள்: 8.75 கிராம்
கால் ஈகிள்: 4.37 கிராம்

மூன்றும் 22 காரட் பொன்னால் ஆனவை. எஞ்சிய பன்னிரண்டில் ஒரு பங்கு வெள்ளியும் செம்பும் கலந்த கலவை.

முதல் வடிவத்தை நாணயச்சாலையின் செதுக்குநர் இராபர்ட் இசுகாட் அமைத்தார். முகப்பில் துணித்தொப்பி அணிந்து வலப்புறம் நோக்கும் சுதந்திர தேவியின் உருவம் உள்ளது. தொடக்கத்தில் பின்பக்கத்தில் சிறிய கழுகு இருந்தது. பின்னர் மார்பில் கேடயம் தாங்கிய பெரிய கழுகு இடம்பெற்றது. 1807இல் யான் ரைக் என்னும் செதுக்குநர், இடப்புறம் நோக்கும் தேவியின் புதிய உருவத்தை அரை ஈகிளில் அறிமுகப்படுத்தினார்.

முதல் ஆண்டுகளின் பொன் நாணயங்களில் மதிப்பு எழுதப்படவில்லை. அளவையும் எடையையும் கொண்டே மக்கள் மதிப்பை அறிந்தனர். அரை ஈகிளில் 1807இலும் கால் ஈகிளில் 1808இலும்தான் மதிப்பு பொறிக்கப்பட்டது.

அச்சுகள் கையால் செய்யப்பட்டதால் ஒரே ஆண்டு நாணயங்களிலும் விண்மீன்களின் இடம், எண்களின் வடிவம், இலைகளின் எண்ணிக்கை ஆகியன வேறுபடுகின்றன. எடுத்துக்காட்டாக, 1795ஆம் ஆண்டு ஈகிளின் கழுகு பற்றியிருக்கும் கிளையில் பொதுவாக 13 இலைகள் இருக்கும். 9 இலைகள் மட்டும் கொண்ட அச்சில் வந்தவை மிக அரியவை. இத்தகைய வேறுபாடுகளைத் தேடிச் சேகரிப்பது இத்துறையின் ஒரு தனிப் பிரிவு.

நாணயங்கள் மறைந்த காரணம்

1792ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பங்கு பொன் 15 பங்கு வெள்ளிக்குச் சமம் என நிர்ணயித்தது. பின்வந்த ஆண்டுகளில் ஐரோப்பியச் சந்தையில் பொன்னின் மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருந்தது. பிரான்சு 1803இல் இவ்விகிதத்தை 15.5 என நிர்ணயித்தது. வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது. இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

ஓர் அரை ஈகிளில் ஏறத்தாழ 8.02 கிராம் தூய பொன் இருந்தது. ஐந்து வெள்ளி டாலர்களில் ஏறத்தாழ 120.3 கிராம் தூய வெள்ளி இருந்தது. அமெரிக்காவில் இரண்டும் சமம். ஆனால் 15.5 என்ற விகிதத்தில் அதே பொன்னுக்கு ஏறத்தாழ 124.3 கிராம் வெள்ளி கிடைக்கும். அதாவது ஐந்து டாலர் பொற்காசு வெளிநாட்டில் ஏறத்தாழ 5 டாலர் 17 சென்ட் பெறும். எனவே வணிகர்கள் பொற்காசுகளைத் திரட்டிக் கப்பலேற்றினர். அவை சென்ற இடத்தில் உருக்கப்பட்டன. சட்டத்தால் குறைத்து மதிப்பிடப்பட்ட பணம் புழக்கத்தை விட்டு மறையும் என்னும் கிரசாம் விதிக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இந்தப் போக்கின் காரணமாக ஈகிள் அச்சிடுவது 1804இறுதியில் நிறுத்தப்பட்டது. 1838 வரை அது மீண்டும் புழக்கத்துக்கு அச்சிடப்படவில்லை. அரை ஈகிள் தொடர்ந்து அச்சிடப்பட்டாலும் பெரும்பகுதி நாட்டை விட்டு வெளியேறியது.

1834 சூன் 28 அன்று நிறைவேறிய சட்டம் பொன் நாணயங்களின் எடையைக் குறைத்து, விகிதத்தை ஏறத்தாழ 16 ஆக்கியது. புதிய அரை ஈகிளில் 7.52 கிராம் அளவுக்கே தூய பொன் இருந்தது. அதனால் பழைய அரை ஈகிள் ஒன்று புதிய நாணயக் கணக்கில் ஏறத்தாழ 5 டாலர் 33 சென்ட் மதிப்புப் பெற்றது. பழைய காசை வைத்திருந்தவர்கள் அதை நாணயச்சாலையில் கொடுத்துப் புதிய காசு பெறுவது இலாபமாயிற்று. இவ்வாறு முதலில் வெளிநாட்டிலும் பின்னர் உள்நாட்டிலும் பழைய நாணயங்கள் உலைக்குச் சென்றன.

அச்சிட்ட எண்ணிக்கையும் எஞ்சிய எண்ணிக்கையும்

புதிதாகச் சேகரிப்போர், குறைவாக அச்சிடப்பட்ட நாணயமே அரிய நாணயம் என எண்ணுவதுண்டு. இத்துறையில் அந்த எண்ணம் பல இடங்களில் பொய்த்துவிடும்.

நாணயச்சாலைப் பதிவின்படி 1815இல் 635 அரை ஈகிள்கள் மட்டுமே அச்சிடப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ ஒரு டஜன் நாணயங்கள் இன்றும் உள்ளன. 1822இல் 17,796 அரை ஈகிள்கள் அச்சிடப்பட்டன. ஆனால் 1822 எனப் பொறிக்கப்பட்ட நாணயங்களில் இன்று அறியப்பட்டவை மூன்றே மூன்று. பழைய அச்சு தேயும்வரை அடுத்த ஆண்டிலும் பயன்படுத்தப்படும் வழக்கம் இருந்ததால், ஓர் ஆண்டின் பதிவில் முந்தைய ஆண்டு எண் கொண்ட நாணயங்களும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதையும் கருத வேண்டும்.

ஆண்டு எண்ணும் சில வேளைகளில் வழிதவறச் செய்யும். 1804 எனப் பொறிக்கப்பட்ட ஈகிள்களில் சில, உண்மையில் 1834-35 காலத்தில் அச்சிடப்பட்டவை. ஆசிய நாட்டு அரசர்களுக்குப் பரிசளிக்க அமெரிக்க அரசு நாணயத் தொகுப்புகள் தயாரித்தபோது இவை செய்யப்பட்டன. அவற்றுள் ஒரு தொகுப்பு சயாம் மன்னருக்கு அளிக்கப்பட்டது.

சேகரிப்பின் வரலாறு

1838இல் நாணயச்சாலையே ஒரு காட்சித் தொகுப்பைத் தொடங்கியது. உருக்குவதற்காக வந்த அரிய காசுகளைத் தலைமை நாணயம் அச்சிடுவோரான ஆடம் எக்ஃபெல்ட் எடுத்து வைத்திருந்தார். அவையே இத்தொகுப்புக்கு அடித்தளமாயின. 1923இல் இது சுமித்சோனியன் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. 1968இல் யோசையா லில்லி சேகரித்திருந்த 6,000க்கும் மேற்பட்ட பொன் நாணயங்களும் அங்குச் சேர்ந்தன. 1822ஆம் ஆண்டு அரை ஈகிள் மூன்றில் இரண்டு இந்நிறுவனத்தில் உள்ளன.

1933 ஏப்ரலில் அதிபர் பிராங்க்ளின் ரூசுவெல்ட் பிறப்பித்த ஆணை, மக்கள் தம்மிடமிருந்த பொன்னை ஒப்படைக்கக் கோரியது. ஆனால் சேகரிப்போருக்குத் தனி மதிப்புடைய அரிய பொன் நாணயங்களுக்கு அந்த ஆணையிலேயே விலக்கு அளிக்கப்பட்டது. இந்த விலக்கு இல்லாதிருந்தால் தப்பியிருந்த நாணயங்கள் பலவும் அப்போது உலைக்குச் சென்றிருக்கும்.

ஏலம் நடைபெறும் முறை

உரிமையாளர் தம் நாணயத்தை ஏல நிறுவனத்திடம் ஒப்படைப்பதில் பணி தொடங்குகிறது. நிறுவனம் நாணயத்தைப் படம் பிடித்து, அதன் அச்சு வகை, தரம், முன்னைய உரிமையாளர்கள் ஆகிய விவரங்களுடன் பட்டியல் நூல் வெளியிடும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் தரப்படும். ஏலத்துக்கு முன் நாணயங்களை நேரில் பார்வையிட வாய்ப்பு அளிக்கப்படும். கேட்பு அரங்கிலும் தொலைபேசியிலும் இணையத்திலும் நடைபெறும்.

உரிமையாளர் ஒரு குறைந்தபட்ச விலையை நிர்ணயித்திருக்கலாம். கேட்பு அந்த விலையை எட்டாவிட்டால் நாணயம் விற்கப்படாது. சுத்தியல் தட்டப்படும்போது உள்ள விலை சுத்தியல் விலை எனப்படும். அதன் மேல் வாங்குபவர் ஒரு கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். அமெரிக்க நாணய ஏலங்களில் இது பெரும்பாலும் 20 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஒரு நாணயத்துக்கு 10,000 டாலர் வரை செலவிட எண்ணுபவர், இந்தக் கட்டணத்தைக் கணக்கிட்டு ஏறத்தாழ 8,300 டாலரிலேயே கேட்பை நிறுத்த வேண்டும்.

தர மதிப்பீடு

நாணயத்தின் தரம் 1 முதல் 70 வரையிலான அளவுகோலால் குறிக்கப்படுகிறது. இதை வில்லியம் செல்டன் 1949இல் பழைய செம்பு சென்ட் நாணயங்களுக்காக உருவாக்கினார். 60 முதல் 70 வரை புழங்காத நாணயங்களைக் குறிக்கும். 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய மதிப்பீட்டு நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. இவை நாணயத்தை ஆராய்ந்து, தர எண்ணுடன் ஒரு நெகிழிப் பேழையில் வைத்து முத்திரையிடுகின்றன.

சில பழைய பொற்காசுகளின் மேல் இணையான கோடுகள் காணப்படும். அச்சிடுவதற்கு முன் கூடுதல் எடையைக் குறைக்க, வெற்று வில்லையை அரத்தால் இராவியதால் ஏற்பட்ட தடங்கள் இவை. நாணயச்சாலையிலேயே ஏற்பட்டவை என்பதால் பின்னாளில் ஏற்பட்ட சேதமாக இவை கருதப்படுவதில்லை. மாறாக, தேய்த்து மெருகேற்றுதல், நகையாக அணியத் துளையிடுதல், பின்னர் அத்துளையை அடைத்தல், பற்றவைத்தல் ஆகியன சேதங்களே. இத்தகைய நாணயங்களுக்கு வழக்கமான தர எண் கிடைக்காது. விலையும் வெகுவாகக் குறையும்.

விலையும் உரிமை வரலாறும்

முன்னைய உரிமையாளர்களின் தொடர் அறியப்பட்டால் நாணயத்தின் உண்மைத்தன்மைக்கு அது சான்றாகிறது. தனியாரிடம் உள்ள ஒரே 1822ஆம் ஆண்டு அரை ஈகிள் இதற்கு எடுத்துக்காட்டு. பால்டிமோர் நிதியாளர் லூயிசு எலியாசுபெர்க் சேகரிப்பிலிருந்து 1982இல் அது 6,87,500 டாலருக்கு ஏலம் போனது. அதன்பின் பிரெண்ட் போக் சேகரிப்பில் சேர்ந்தது. 2016இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது கேட்பு 60 இலட்சம் டாலரைத் தாண்டியும் குறைந்தபட்ச விலையை எட்டாததால் விற்பனையாகவில்லை. 2021 மார்ச்சில் கட்டணம் உட்பட 84 இலட்சம் டாலருக்கு விற்பனையானது.

அதே சேகரிப்பிலிருந்து 2015இல் விற்கப்பட்ட 1808ஆம் ஆண்டு கால் ஈகிள் ஒன்று 23,50,000 டாலர் பெற்றது. அந்த வடிவம் அந்த ஓர் ஆண்டில் மட்டுமே அச்சிடப்பட்டது. அந்த நாணயம் சிறந்த நிலையிலும் இருந்தது. ஆயினும் எல்லாத் தொடக்ககால நாணயங்களும் இத்தகைய விலை பெறுவதில்லை. 1799, 1801 ஆகிய ஆண்டுகளின் ஈகிள்களும், 1803 முதல் 1812 வரையிலான அரை ஈகிள்களும் ஒப்பீட்டளவில் அதிகம் கிடைக்கின்றன. பலர் இவற்றிலிருந்தே சேகரிப்பைத் தொடங்குகின்றனர்.

சேகரிப்போர் கவனிக்க வேண்டியவை

- நாணயத்தை வாங்கும் முன் அதைப் பற்றிய நூல்களையும் பழைய ஏலப் பட்டியல்களையும் படிக்க வேண்டும். பழைய பட்டியல்கள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.
- போலிகள் உண்டு. பேழையில் உள்ள எண்ணை மதிப்பீட்டு நிறுவனத்தின் பதிவுடன் ஒப்பிட வேண்டும். பேழையே போலியாக இருக்கக்கூடும் என்பதால் படத்தையும் ஒப்பிடுவது நல்லது.
- ஒரே தர எண் பெற்ற இரு நாணயங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிறம், அச்சின் தெளிவு, கீறல்கள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.
- முந்தைய ஏல விலை எதிர்கால விலைக்கு உறுதியாகாது. இருவர் போட்டியிட்டால் விலை உயரும். ஒருவர் விலகினால் இறங்கும்.
- பழைய நாணயத்தை ஒருபோதும் தேய்த்துக் கழுவக் கூடாது. இழந்த மேற்பரப்பை மீட்க முடியாது.

கடைசியாகக் கூறப்பட்டது, வீட்டில் பாட்டி வைத்திருந்த ஒரு பழைய செப்புக்காசுக்கும் பொருந்தும். உலையிலிருந்து தப்பி இருநூறு ஆண்டுகளைக் கடந்து வந்த காசு, பளபளப்பாக்கும் ஆசையால் ஒரு நிமிடத்தில் தன் சான்றை இழந்துவிடும். வைத்திருப்பவர் விலை கொடுத்து வாங்கியவராயினும், அதைச் சேதமின்றி அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் சேகரிப்பின் ஒரு கடமையாகக் கருதப்படுகிறது.