சக்கரத்துக்குப் பதில் சறுக்குப் பலகை!
பனியில் ஏறி இறங்கும் பொம்மை விமானங்கள்

விருத்தாசலத்தில் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமானால் ஐஸ் வண்டிக்காரரைத்தான் தேடிப் போக வேண்டும். இது நெருப்பை நம்பிப் பிழைக்கும் ஊர். பீங்கான் சூளைக்குள் 1,200 டிகிரிக்கு மேல் அனல் பறக்கும். களிமண்ணாக உள்ளே போகும் பொம்மையும், மின்சாரப் பியூஸ் கட்டையும் கல்லைப் போல் இறுகி வெளியே வரும்.

உலகின் மறுகோடியில் இதற்கு நேர்மாறான ஊர்கள் இருக்கின்றன. கனடாவிலும், நார்வேயிலும், அமெரிக்காவின் வடபகுதியிலும் குளிர்காலம் வந்தால் மாதக்கணக்கில் தரையே தெரியாது. எங்கு பார்த்தாலும் வெண்பனிதான்.

அந்தப் பனியிலும் சிலர் சும்மா இருப்பதில்லை. ரேடியோவால் இயங்கும் பொம்மை விமானங்களைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்கு வந்துவிடுகிறார்கள். விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, தாங்களே வீட்டில் செய்த சறுக்குப் பலகைகளைப் பூட்டுகிறார்கள். "ஸ்கீ" என்று அவர்கள் சொல்லும் பலகை இதுதான்.

அற்ப விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தப் பலகை ஒன்றினால் உயிர் தப்பியவர்களும் உண்டு. உயிருக்கு மன்றாடியவர்களும் உண்டு!

இரட்டையர் செய்த விமானம்

கம்பியில்லாமல் தூரத்திலிருந்தே ஒரு பொருளை இயக்கலாம் என்பதை 1898-ல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா என்ற மேதை காட்டினார். அவர் இயக்கியது ஒரு சிறு படகு. 1930-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் அதே வித்தையை விமானத்தில் செய்து காட்டினார்கள். "கஃப்" என்ற அவர்களுடைய விமானம் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

இன்று கையடக்கமான கருவி ஒன்றே போதும். விமானம் மேலே போகும், கீழே வரும், வட்டமிடும். ஆனால் பனியில் இறங்கும்போதுதான் வம்பு வருகிறது.

கட்டை வண்டியும் டயர் வண்டியும்

ஆற்று மணலில் கட்டை வண்டி போவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய இரும்புப் பட்டை போட்ட சக்கரம் மணலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். மாடுகள் திணறும். அதே பாரத்தை டயர் வண்டியில் ஏற்றினால் அவ்வளவு புதைவதில்லை. பாரம் ஒன்றுதான், அது பரவும் இடம்தான் வேறு.

பனியிலும் இதே கதைதான். 2 கிலோ எடையுள்ள பொம்மை விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இரு சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் 4 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 500 கிராம் பாரம் அழுத்துகிறது. சக்கரம் பொத்தென்று புதையும். விமானம் மூக்குக் குப்புற விழும். விசிறி முறியும்.

இப்போது 30 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு பலகைகளைப் பூட்டுங்கள். இரண்டும் சேர்ந்து 480 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிராம் பாரம்தான். விமானம் பனியின் மேல் பூப்போல் உட்காரும்!

பலகை செய்வது எப்படி?

மெல்லிய ஒட்டுப்பலகை போதும். அலுமினியத் தகட்டிலும் செய்யலாம். காய்கறி நறுக்கும் பழைய பிளாஸ்டிக் பலகையை அறுத்துச் செய்கிறவர்களும் உண்டு.

பலகையின் முன்முனை படகைப் போல் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பனியைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். ஒட்டுப்பலகையை வெந்நீரில் ஊறவைத்து, ஒரு குழாயின் மேல் வளைத்துக் கட்டி, நன்றாகக் காயவிடுகிறார்கள். காய்ந்தபின் வளைவு அப்படியே நின்றுவிடும். பீங்கான் பொம்மை செய்கிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாஸ்டர் அச்சு எப்படியோ, பொம்மையும் அப்படித்தானே!

அடிப்பாகத்தை நன்றாக இழைத்து, வார்னிஷ் பூசி, மெழுகு தேய்ப்பார்கள். பலகை பக்கவாட்டில் வழுக்காமல் நேராக ஓட, அடியில் நீளவாக்கில் மெல்லிய குச்சி ஒன்றை ஒட்டுவார்கள்.

பலகை சக்கரத்தைவிடக் கனமானால் விமானத்தின் மூக்கு தாழும். ஆகையால் இறக்கைகளின் அடியில் விரல் கொடுத்துத் தூக்கி, சமநிலையை மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூக்கு கவிழ்ந்தால் ஆபத்து

பலகையை அச்சில் பூட்டும்போது பின்பாகத்தைவிட முன்பாகம் சற்று நீளமாக இருக்கும்படி வைப்பார்கள். அது மேடு பள்ளத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் அசைய வேண்டும். ஆனால் இஷ்டம்போல் ஆடக்கூடாது.

ஏன்? ஆகாயத்தில் பலகையின் முன்முனை கவிழ்ந்துவிட்டால் காற்று அதன் மேற்புறத்தில் மோதும். விமானத்தின் மூக்கு கீழே தள்ளப்படும். வேகமாகப் பறக்கிற 2 கிலோ சாமான் தலைகீழாக வந்தால், கீழே நிற்கும் குழந்தைகளின் கதி என்ன? அப்படியே தப்பித் தரைக்கு வந்தாலும், கவிழ்ந்த முனை பனியைக் குத்தும். விமானம் குட்டிக்கரணம் போடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. முன்முனையிலிருந்து விமானத்தின் உடலுக்கு ஒரு ரப்பர் நாடா அல்லது சுருள்வில் கட்டுவார்கள். அது முனையை எப்போதும் மேலே இழுத்துக்கொண்டிருக்கும். பின்முனையில் ஒரு நூல் கட்டுவார்கள். முன்முனை எந்த அளவுக்குத்தான் மேலே தூக்கலாம் என்று அந்த நூல் எல்லை கட்டும். பெரிய விமானங்களிலும் இதே ஏற்பாடுதான்.

பறக்கவிடுமுன் விரலால் முனையைக் கீழே அழுத்திப் பார்க்க வேண்டும். விட்டவுடன் அது துள்ளி மேலே வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்குப் பறப்பதில்லை! கடுங்குளிரில் ரப்பர் விறைத்துப்போகும் என்பதால் இந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் அவசியம்.

பல்லால் கயிற்றைக் கடித்தவர்

பலகை ஓடும்போது உராய்வுச் சூட்டில் பனி இலேசாக உருகும். அந்த ஈரம்தான் வழுக்க உதவுகிறது. விமானம் நின்றுவிட்டால் அதே ஈரம் உறைந்து பலகையைப் பனியோடு ஒட்டவைத்துவிடும். பொம்மை விமானமானால் கையால் அசைத்துக் கிளப்பலாம். பெரிய விமானமானால்?

1928 ஏப்ரலில் ஹூபர்ட் வில்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியரும், பென் ஐல்சன் என்ற அமெரிக்க விமானியும் அலாஸ்காவிலிருந்து ஆர்க்டிக் கடலைத் தாண்டி ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்குப் பறந்தார்கள். 20 மணி நேரத்துக்கு மேல் பயணம். கடைசியில் புயல் வந்துவிட்டது. ஆளில்லாத தீவு ஒன்றில் இறங்கி, ஐந்து நாள் விமானத்திலேயே முடங்கிக் கிடந்தார்கள்.

புயல் ஓய்ந்தது. ஆனால் பலகைகள் பனியை விட்டு வரவில்லை! வில்கின்ஸ் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார். விமானம் விடுபட்டது, ஆனால் அவர் ஏறுவதற்குள் கிளம்பிப் பறந்தேவிட்டது. வட்டமடித்த ஐல்சன், கீழே தனியாக நிற்கும் நண்பரைக் கண்டு மறுபடியும் இறங்கினார். இரண்டாவது முறை வில்கின்ஸ் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு தொற்றப் பார்த்தார், கீழே விழுந்தார். மூன்றாவது முறை ஒரு காலை விமானத்துக்குள் வைத்துக்கொண்டு, மரக்கட்டையால் பனியை உந்தித் தள்ளினார். இருவரும் தப்பினார்கள்.

தென் துருவத்தில் 49 நிமிடங்கள்

டக்கோட்டா விமானத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். ஒரு காலத்தில் நம் நகரங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிப் பறந்தது அது. அதே வகை விமானம் ஒன்றுக்குச் சறுக்குப் பலகை பூட்டி, 1956 அக்டோபர் 31-ந் தேதி அமெரிக்கக் கடற்படையினர் ஏழு பேர் தென் துருவத்தில் இறங்கினார்கள். அங்கே இறங்கிய முதல் விமானம் அதுதான். 1912-ல் ஸ்காட் குழுவினர் நின்றதற்குப் பிறகு அந்த இடத்தில் மனிதர் கால் படவில்லை.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி. 49 நிமிடங்கள் கழித்துத் திரும்பப் புறப்பட்டால், விமானம் நகரவில்லை! பலகைகள் ஒட்டிக்கொண்டன. அவ்வளவு குளிரில் பனி உருகாது. மணலைப் போல் சொரசொரப்பாகிவிடும். விமானத்தின் உடலில் 15 வாணக் குழாய்கள் பூட்டியிருந்தன. அவற்றைக் கொளுத்தியபின்தான் விமானம் எழும்பிற்று. அதன் பெயர் "கே சேரா சேரா". "வருவது வரட்டும்" என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

அண்டார்க்டிகாவில் நம் நாட்டுக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. 1989 முதல் இயங்கும் மைத்ரி நிலையத்துக்கு அருகே ரஷ்யர்களின் பனி விமானத் தளம் இருக்கிறது. பழைய டக்கோட்டாவின் உடலில் புது எஞ்சின் வைத்து, சறுக்குப் பலகை பூட்டிய விமானங்கள் இன்றும் அங்கே வந்து போகின்றன.

நம் ஊரில் ஒரு சோதனை

ஊட்டியில் சில இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும். பலகை ஓட அது போதாது. ஆனால் பாடத்தைப் படிக்கப் பனி வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை மணிமுத்தாற்றங்கரைக்கு அழைத்துப் போங்கள். ஒரு செங்கல்லை ஈர மணலில் செங்குத்தாக நிறுத்துங்கள். அது பதிந்த ஆழத்தை ஈர்க்குச்சியால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே செங்கல்லைப் படுக்கவைத்து அளந்து பாருங்கள். எடை மாறவில்லை, பள்ளம் மட்டும் குறைந்திருக்கும். ஏன் என்று குழந்தையைக் கேளுங்கள். கட்டை வண்டியையும் டயர் வண்டியையும் நினைவூட்டினால் போதும். விடையை அதுவே சொல்லிவிடும்!